உப்பளத்துக் கைக்கு ஒரு பழைய வைரம்

எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரமே வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். நகை பிடிக்காது என்பதால் இல்லை. என் கையைப் பற்றி எனக்குத் தெரியும்.

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எங்கள் குடும்பம் குத்தகைக்கு எடுத்து நடத்தும் உப்பளம் இருக்கிறது. அப்பா இறந்து எட்டு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறேன் என்றால் வரப்பில் குடை பிடித்து நின்று இல்லை. பாத்தியில் இறங்கி நீளக் கம்பு பூட்டிய பலகையால் உப்பை வாரி இழுப்பது, மண் வெட்டிப் போட்டு வாய்க்காலை அடைப்பது, குவியலுக்குத் தார்ப்பாய் கட்டுவது என்று எல்லாவற்றிலும் என் கை இருக்கும். சித்திரை பிறந்தால் விரல் கணுக்கள் வெடித்துவிடும். சாயங்காலம் கை வீங்கும், காலையில் வடிந்திருக்கும். கல்லூரி முடித்தபோது வீட்டில் வாங்கிக் கொடுத்த சின்னக் கல் மோதிரம் ஒன்று என்னிடம் இருந்தது. வேலைக்கு இறங்கிய முதல் வருஷமே அதன் கல் எங்கோ விழுந்துவிட்டது. வெள்ளைக் கல். உப்பளத்தில் விழுந்த வெள்ளைக் கல்லை நான் எங்கே போய்த் தேடுவது?

இதையெல்லாம் நான் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொன்னேன். அவர் பக்கத்துக் குப்பத்துக்காரர். படகு இன்ஜின் மெக்கானிக். எங்கள் பம்பு செட்டைப் பழுது பார்க்க வந்தவர். அந்த வேலை அரை நாளில் முடிந்தது. எங்கள் பேச்சு முடியாமல் இரண்டு வருஷம் ஓடியது. அவருக்கு முப்பத்தேழு வயது, எனக்கு முப்பத்துநாலு. இரண்டு பேருடைய வீட்டிலும் கல்யாணப் பேச்சை ஏறக்குறைய மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அவர் வீட்டில் உடனே சரி என்றார்கள். என் அம்மாவுக்குத்தான் மனசு வரவில்லை. அவங்க கடல்காரங்க, நாம நிலத்துக்காரங்க என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நான் வேறு யாரையும் கட்டமாட்டேன் என்பது உறுதியாகத் தெரிந்த பிறகு, "உன் இஷ்டம்" என்றார். சம்மதம் என்று அதை எடுத்துக்கொண்டோம்.

என் கையின் கதை முழுவதையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ சொல்றது வாஸ்தவம்தான். ஆனா நான் ஒரு கல்லு பாத்து வச்சிருக்கேன். ஒரு தடவ வந்து பாரு. புடிக்கலன்னா விட்டுடலாம்" என்றார்.

அந்தக் கல் புதுச்சேரியில் இருந்தது. பழைய நகை வாங்கி விற்கும் ஒரு பெரியவர், எல்லாரும் பாய் என்று கூப்பிடுவார்கள், அவருடைய கடை ஜெனரேட்டரைச் சரிசெய்ய இவர் போயிருக்கிறார். பழைய நகைகள் கடைக்கு வந்தால் தங்கம் உருக்குவதற்குப் போய்விடும், கற்கள் மட்டும் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களாகப் பெட்டியில் தங்கிவிடும். அந்தப் பெட்டியைப் பாய் திறந்து வைத்திருந்தபோது இவர் எட்டிப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து பழைய வைரம், பழைய வைரம் என்றுதான் பேச்சு. புதுக் கற்களை எல்லாம் மிஷினில் வெட்டுகிறார்கள், எல்லாம் ஒரே அச்சு. பழைய கல்லை ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையால் தேய்த்திருக்கிறான், அந்த ஆளின் கை அதில் தெரிகிறது என்றார். இன்ஜினைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதற்காகவே போனேன்.

பாய் எங்களை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தார். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரில் கறுப்புத் துணி விரித்து மூன்று கற்களை வைத்தார். எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று இவர் முன்பே சொல்லியிருந்ததால் அதற்குள் வருகிற கற்கள் மட்டும்தான். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை, கல்லைப் பற்றித்தான் பேச்சு. மூன்றுக்கும் பரிசோதனைச் சீட்டு இருந்தது. மண்ணிலிருந்து எடுத்த கல்தான், ஆய்வகத்தில் வளர்த்தது இல்லை என்று அதில் போட்டிருக்கும், அதை வாங்காமல் இந்தக் காலத்தில் யாரும் கல் வாங்கக்கூடாது என்று பாயே சொன்னார்.

முதல் கல் பெரியது. பார்த்ததும் கண்ணைப் பறித்தது. இரண்டாவது பழைய கல்தான், ஆனால் யாரோ சமீபத்தில் மறுபடி பட்டை தீட்டியிருந்தார்கள். மூன்றாவது சின்னது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. மூலைகள் தேய்ந்த சதுரம் மாதிரி, நல்ல கனம். லேசாக மஞ்சள் ஓடியது. மேலிருந்து பார்த்தால் நட்டநடுவில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. ஓட்டையா என்று கேட்டேன். பாய் சிரித்தார். அந்தக் காலத்தில் அடி முனையைக் கூராக விட்டால் உடையும் என்று அதையும் தட்டையாக வெட்டிவிடுவார்கள், அந்தத் தட்டைதான் மேலே புள்ளியாகத் தெரிகிறது, பழைய கல்லுக்கு அதுதான் அடையாளம் என்றார்.

அவர் கொடுத்த பூதக்கண்ணாடியை எனக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. அதனால் பெரிய கல்லை இடுக்கியில் எடுத்து, நான் தினமும் உப்பைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினேன். எங்கள் வேலையில் இது பழக்கம். ஒரு பாத்தி உப்பு நன்றாக விளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மணியை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடிப்போம். உள்ளே கோடு ஓடினால் அந்த மணி விரலால் அழுத்தினாலே கோட்டோடு பிளந்துவிடும். பெரிய கல்லைச் சாய்த்தபோது ஓரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கோடு எனக்குத் தெரிந்தது.

"இது இங்கதான் உடையும்" என்றேன்.

பாய் கல்லை வாங்கிப் பூதக்கண்ணாடியில் வைத்து நிதானமாகப் பார்த்தார். "ஆமாம்மா. விரிசல் ஓரம் வரைக்கும் வந்திருக்குது. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க" என்றார். என் பக்கத்தில் இருந்தவர் முகத்தில் அன்று தெரிந்த பெருமையை நான் மறக்கமாட்டேன். அவருடைய இன்ஜினை யாரோ பாராட்டியதுபோல உட்கார்ந்திருந்தார்.

சின்னக் கல்லுக்கும் குறை இருந்தது. ஓரத்தில் ஒரு இடத்தில் துளி உதிர்ந்திருந்தது. பழைய கல்லின் ஓரம் கத்தி மாதிரி மெலிசாக இருக்கும், முன்பு போட்டிருந்தவர் எங்கோ இடித்திருப்பார், ஆனால் உள்ளே சுத்தம் என்றார் பாய். அதைக் கையில் வாங்கி ஜன்னலிலிருந்து தள்ளி, அறையின் இருட்டுப் பக்கம் கொண்டு போனேன். அங்கே போனதும் அது விழித்துக்கொண்டது. புதுக் கல்போலப் பொடிப்பொடியாக மின்னவில்லை. அகலமாக, மெதுவாக, ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்கு வெளிச்சம் நகர்ந்தது. குத்துவிளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் வெட்டின கல்மா அது என்று பாய் பின்னாலிருந்து சொன்னார். எனக்கு அந்தக் கல் பிடித்துவிட்டது. மோதிரம் வேண்டாம் என்று சொன்னதை நான் திரும்பச் சொல்லவில்லை, என்னோடு வந்தவரும் ஞாபகப்படுத்தவில்லை.

வீட்டில் அம்மா வேறு மாதிரி பார்த்தார். யார் போட்ட கல்லோ, எந்த வீட்டிலிருந்து வந்ததோ, வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்றார். எங்கள் பக்கத்தில் வைரம் வாங்குகிறவர்கள் பலரும் செய்வதுதான். பாயும் அதைக் கேட்டுப் பழகியவர். முன்பணம் வாங்கிக்கொண்டு, "தாராளமா வச்சுப் பாருங்க" என்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு குங்குமச் சிமிழில் வைத்தார்.

அம்மா சோதித்தது கல்லை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் வீட்டிலிருந்து, நமக்குத் தெரியாத இடத்திலிருந்து, நம் வீட்டுக்குள் வருகிற ஒன்று ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் அவர் கேள்வி. அதனால் அந்த மூன்று நாளும் நானும் பயந்துகொண்டேதான் இருந்தேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் அளத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இடையஞ்சாவடியில் நகைக்குக் கல் பதிக்கும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போவதாக இருந்தோம். அதற்கு நேரம் வேண்டும் என்று, நாலு நாள் கழித்து வாரவேண்டிய உப்பை அன்றே வாரிவிடச் சொன்னேன். எங்கள் அளத்தில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அதில் மூத்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இன்னும் விளையட்டுமே, என்ன அவசரம் என்று அக்கா முணுமுணுத்தார். ஆனாலும் வாரி, மேட்டில் குவித்து, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிவிட்டுத்தான் போனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சித்திரையில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. கடல் பக்கமிருந்து கறுத்து வந்து ஒரு மணி நேரம் கொட்டியது. பாத்திகள் எல்லாம் வெறும் குளமாயின. கல்லை வீட்டில் வைத்த மூன்றாம் நாள்! நான் அளத்துக்கு ஓடினேன். அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டார். வரப்பில் நின்று தண்ணீரைப் பார்த்தார்.

"பாத்தியா. கல்லு ஒத்துக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எனக்கு முன்னால் அக்கா பேசினார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றபடியே, "ஏம்மா, கல்லு விஷயமா போவணும்னுதானே உங்க பொண்ணு நேத்தே வாரச் சொல்லிச்சு? இல்லன்னா மொத்தமும் இன்னிக்கி கரைஞ்சிருக்கும். மத்த அளத்த எல்லாம் பாருங்க. நம்முதுதான் தார்ப்பாய்க்குள்ள இருக்குது" என்றார்.

அம்மா குவியலைப் பார்த்தார். பக்கத்து அளத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் சாலையிலிருந்து ஒரு மொபெட் வந்து நின்றது. அவர்தான். வலை மூடும் பெரிய பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருட்டிப் பின்னால் கட்டிக்கொண்டு, குப்பத்திலிருந்து மழையிலேயே வந்திருக்கிறார். எங்கள் குவியல் பத்திரமாக இருப்பதைப் பார்த்ததும் ஷீட்டை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து அளத்துக்குப் போனார். அங்கே பாதி வாரிய குவியல் ஒன்று திறந்து கிடந்தது. நானும் எங்கள் பெண்களும் பின்னால் ஓடினோம். காற்றில் ஷீட் பறக்கப் பறக்க நாலு மூலையையும் பிடித்துக் கட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிட்டது. எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தோம். யாரோ சிரிக்க ஆரம்பித்து எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்து அவரிடம் நீட்டினார். "தலைய தொவட்டிக்குங்க தம்பி. காபி போடறேன்" என்றார். இரண்டு வருஷத்தில் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். காபி குடித்து முடித்ததும் அம்மா சிமிழிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். நல்ல கெட்டியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கல் பதிக்கும் அம்மாவை நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். ஐம்பது வயது இருக்கும். சென்னையில் ஒரு பட்டறையில் பல வருஷம் வேலை செய்துவிட்டு, இடையஞ்சாவடியில் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். நாங்கள் பொட்டலத்தை நீட்டியபோது அவர் அதை வாங்கவில்லை.

"மொதல்ல கைய காட்டுங்க" என்றார்.

என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் தண்ணீரில், கையுறை போடுவீர்களா, எந்தக் கையால் கம்பு பிடிப்பீர்கள், கை எப்போது வீங்கும் என்று டாக்டர் மாதிரி கேட்டார். அதற்கு அப்புறம்தான் கல்லை எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். நல்ல கல் என்றார். ஆனால் இதன் பலவீனம் எல்லாம் ஓரத்தில் இருக்கிறது, வைரம் கீறல் விழாது என்பதால் உடையாது என்று ஆகாது, இந்த மெல்லிய ஓரத்தில் ஒரு இடி விழுந்தால் இன்னொரு துண்டு போய்விடும் என்று விளக்கினார்.

இரண்டு விதமாகச் செய்யலாம் என்றார். கல்லைப் பிடித்து நிற்க நாலு கொக்கி வைத்து உயரமாகத் தூக்கிக் கட்டலாம், கல் முழுவதும் தெரியும், வெளிச்சம் நன்றாக இறங்கும். பழைய காலத்து மாதிரி அடியையும் மூடி, சுற்றிலும் தங்கம் வளைத்துக் கட்டலாம். என்னவருக்குக் கொக்கிதான் பிடித்திருந்தது. ஒரு ஆள் அவ்வளவு கஷ்டப்பட்டு வெட்டிய கல்லைத் தங்கத்துக்குள் புதைப்பதா என்றார். அம்மா கெட்டியாகக் கட்டச் சொன்னதால் எனக்கு மூடியது சரி என்று பட்டது. மேடம் எங்கள் வாதத்தில் தலையிடவில்லை. இரண்டு விதத்திலும் பித்தளையில் மாதிரி மோதிரம் செய்து, அதே அளவில் கண்ணாடிக் கல் வைத்துத் தருகிறேன், போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார். "நான் சொல்றத விட உங்க உப்பளமே சொல்லட்டும்."

அடுத்த இரண்டு வாரம் எங்கள் அளத்தில் நடந்த கூத்தைத்தான் சொல்ல வேண்டும். பித்தளை மோதிரம் எதற்கு என்று பெண்களிடம் சொன்னதுதான் தாமதம், எல்லாரும் நீதிபதிகளாகிவிட்டார்கள். நான் ஒருத்தி போட்டுப் பார்த்தால் போதாது என்று முறை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். கொக்கி மோதிரம் முதல் நாளே கையுறையின் நூலைப் பிடித்து இழுத்தது. சாக்குத் தூக்கும்போது நாரில் மாட்டியது. கூடையை இரண்டு பேர் தூக்கியபோது எதிரில் இருந்தவரின் கையைக் கீறிவிட்டது. அவர் அதைக் காட்டி, கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை முகம் என்னாகும் என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். நாலாம் நாள் ஒரு கொக்கி நிமிர்ந்து கண்ணாடிக் கல் விழுந்தது. பன்னிரண்டு பேரும் நானும் பாத்தியில் குனிந்து தேடினோம். கடைசியில் அக்காவின் காலில் குத்தியதால் கிடைத்தது. கொக்கி வேண்டாம் என்று அன்றே தீர்ப்பு ஆனது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூடிக் கட்டிய மோதிரம் எதிலும் மாட்டவில்லை, யாரையும் கீறவில்லை. ஆனால் இரண்டு நாளில் உப்புத் தண்ணீர் எப்படியோ கல்லுக்கு அடியில் இறங்கிவிட்டது. இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லை. அது காய்ந்து உள்ளேயே உப்புப் பூத்தது.

"கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்குது" என்றார் அக்கா, மோதிரத்தைத் தூரப் பிடித்துப் பார்த்து.

இரண்டு மோதிரங்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி இடையஞ்சாவடி போனோம். மேடம் இதை எதிர்பார்த்தவர்போலத்தான் இருந்தார். சுற்றிலும் தங்க விளிம்பு, கல்லின் ஓரம் முழுவதும் அதற்குள் போய்விடும். உயரம் குறைவு. அடியில் மட்டும் திறந்திருக்கும், தண்ணீர் இறங்கினாலும் நல்ல தண்ணீரில் கழுவினால் வெளியே வந்துவிடும். அந்த மாதிரியில் மூன்றாவது பித்தளை மோதிரம் வந்தது. ஒரு வாரம் கழித்து என் விரல் பச்சையாகியிருந்தது, கண்ணாடிக் கல் மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்த என்னவர், இன்ஜினில் பேரிங்கைச் சுற்றிப் பிடித்திருப்பது மாதிரிதான் இருக்கிறது, இது அசையாது என்று ஒப்புக்கொண்டார். விளிம்பில் ஒரு கோணம்கூடக் கூராக இருக்கக்கூடாது, எல்லாம் வழவழப்பாக ஓட வேண்டும் என்பது மட்டும் அவர் சொன்ன திருத்தம். மேடம் அதைக் குறித்துக்கொண்டார்.

அளவெடுக்க மேடம் இரண்டு தடவை வரச் சொன்னார், ஒன்று காலையில், ஒன்று வேலை முடிந்து சாயங்காலம். இரண்டுக்கும் நடுவில் என் விரல் அவ்வளவு மாறியிருந்தது. சாயங்கால அளவுக்கே செய்துவிட்டு, காலையில் மோதிரம் சுழலாமல் இருக்க உள்பக்கம் இரண்டு சின்னத் தங்கப் பொட்டு வைப்பதாகச் சொன்னார்.

தங்கத்தில்தான் அம்மா குறுக்கே வந்தார். பதினெட்டு கேரட் என்றதும், அது கலப்படம்தானே, இருபத்திரண்டில் செய்யக்கூடாதா என்று போனில் கேட்டார். மேடம் போனை வாங்கி அவரே பேசினார். "கெட்டிக்குத்தாம்மா. சுத்தத் தங்கம் மெத்துன்னு இருக்கும். தேஞ்சு போச்சுன்னா கல்ல எது புடிக்கும்? மம்மட்டிய ஈயத்துலயா செய்யறோம்?" என்றார். சரி, ஆனால் பதிக்கிற அன்று நானும் வருவேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. மூன்று பேரும் போனோம். தங்கத்தில் மோதிரம் தயாராக இருந்தது. கல் சரியான வட்டமாக இல்லாததால், அதன் ஓரம் எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று பார்த்து, அது உட்காரும் இடத்தை மேடம் கையாலேயே செதுக்கியிருந்தார். அதற்கே இரண்டு நாள் ஆனதாம். உதிர்ந்திருந்த இடத்தை எங்களுக்குக் காட்டினார். அது விளிம்புக்குள் போய்விடும்படி கல்லைத் திருப்பி உட்கார வைத்தார். இனி விளிம்பைக் கல்லின் மேல் சாய்த்து அழுத்த வேண்டும். அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் கல் உடையலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"இப்ப கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க" என்றார்.

என்னவர் எழுந்து வெளியே போய்விட்டார். கடலில் இன்ஜின் நின்றுபோன படகில் உட்கார்ந்து வேலை பார்த்தவரால் இதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன், முந்திரி மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். நான் மேடத்தின் கையைப் பார்த்தேன். வடக்கே ஒரு அழுத்து, தெற்கே ஒரு அழுத்து. கிழக்கே, மேற்கே. மறுபடியும் அந்த இடங்களுக்கு நடுவில். அவசரமே இல்லை. அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுக இறுக, அவர் மூச்சு விடுகிறாரா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

கடைசியில் மேடம் ஒரு பஞ்சு நூலை எடுத்து விளிம்பைச் சுற்றி இழுத்தார். எங்கும் மாட்டவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரு சுற்றுப் பார்த்தார். நிமிர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.

வெளியே போய் அவரைக் கூப்பிட்டது நான் இல்லை. அம்மாதான் முதலில் எழுந்தார். வாசலில் நின்று, "உள்ள வாங்க தம்பி. ஒண்ணும் ஆவல, நல்லா இருக்குது" என்றார். அவர் வந்து மோதிரத்தை உள்ளங்கையில் வாங்கினார். கல் முழுவதும் தெரியாது என்று கவலைப்பட்டவர் அதை எங்கே ஒளித்துவிட்டார்கள் என்று தேடவே இல்லை. தங்க விளிம்பு அந்த லேசான மஞ்சளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. கல் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அவர் அதை நிழலுக்குக் கொண்டுபோய்த் திருப்பினார், வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும்போது அம்மா பக்கத்து ஊரான இரும்பையில் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். மோதிரத்தைச் சாமி காலடியில் வைத்து எடுத்தோம். பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மா அவரிடம் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுச் சமையலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். மீன் குழம்புக்கு மாங்காய் போடுவீர்களா என்ற கேள்வியில் தொடங்கி அரை மணி நேரம் போனது. நான் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிச்சயதார்த்தம் வைகாசியில், மரக்காணத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒரே கடையில் எடுத்த புடவையில் வந்தார்கள். தட்டு மாற்றி முடிந்து அவர் என் விரலில் மோதிரத்தைப் போட்டபோது முன்வரிசையில் இருந்த அக்கா எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் தன் புடவை முந்தானையை மோதிரத்தின் மேல் இழுத்துப் பார்த்தார். நூல் மாட்டவில்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவருடைய தலையாட்டலுக்குப் பிறகுதான் அளத்துப் பெண்கள் கைதட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் தாங்களும் தட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் அளத்துக்கு நாலு பேர் வரவில்லை. அம்மாவையும் வீட்டில் காணோம். பத்து மணிக்கு இடையஞ்சாவடியிலிருந்து மேடம் போன் செய்தார். அம்மாவும் அக்காவும் இன்னும் மூன்று பேரும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கியிருக்கிறார்களாம். தோட்டில் கல் ஆடுகிறது, மூக்குத்தியில் ஒரு கல் விழுந்துவிட்டது, தாலியில் கோத்த குண்டு நெளிந்திருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்றைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்கிறார்களாம். எல்லாருக்கும் அதே மாதிரி சுற்றிக் கட்டித் தரவேண்டுமாம். முதலில் எல்லாரும் கையைக் காட்டினார்களாம், தோட்டுக்கு எதற்குக் கை என்று மேடம் கேட்டும் எடுக்கவில்லையாம்.

மேடத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் என்ன செய்ய என்று கேட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க மேடம்" என்றேன். "நாளைக்கி உப்பு வாரணும்."